ஆறு தடவை ஆற்றைத் தாண்டினேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். டவுன் பஸ்ஸில் 31 வருஷம் கண்டக்டர் வேலை பார்த்து 2016-ல் ஓய்வு பெற்றவன். உங்கள் பத்திரிகைக்கு இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. காலையில் படிப்பேன், மத்தியானம் மடித்து வைப்பேன், அவ்வளவுதான். இப்போது எழுத வைத்தது என் பேத்தி ஓடுகிற பஸ்ஸில் கேட்ட ஒரு கேள்வி.

சென்னையில் இருக்கும் என் மகள் அரையாண்டு லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். பேரன் ஆறாவது, பேத்தி மூன்றாவது. வந்த ஒன்பது நாளில் ஒரு கல்யாணம், இரண்டு நாள் காய்ச்சல், மிச்சமெல்லாம் டி.வி. என்று போய்விட்டது. கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. ராத்திரி ரயில். மறுநாள் காலையில் தாம்பரத்தில் இறங்கினால் குளித்துவிட்டு நேரே பள்ளிக்கூடம்தான். சனிக்கிழமை ராத்திரி தோசை தின்றுகொண்டிருக்கும்போது பேரன் சொன்னான்: "தாத்தா, நீங்க ஊர் பூரா பஸ்லயே சுத்துனீங்கன்னு ஆச்சி சொல்றாங்க. எங்களுக்கு ஒண்ணுமே காட்டலையே."

சுருக்கென்று தைத்தது. பழக்க தோஷம், உடனே ஒரு காகிதத்தை எடுத்து, கண்டக்டர்கள் கணக்கு எழுதுகிற வேபில் மாதிரி கோடு போட்டேன். எத்தனை மணிக்கு எங்கே, எந்த வண்டி, எங்கே இறங்குவது என்று எழுதினேன். வெளியூர்க்காரர்கள் நம் ஊரைச் சுற்றிப் பார்ப்பது பெரும்பாலும் இப்படிக் கடைசி நாளில்தான். குற்றாலம், திருச்செந்தூர், கன்னியாகுமரி எல்லாம் போய்விட்டு, ரயிலுக்கு நேரம் இருக்கிறதே என்று ஒரு பகலைத் திருநெல்வேலிக்குத் தருவார்கள். அல்வா வாங்குவார்கள், கோயிலில் ஒரு கும்பிடு, ரயில் ஏறிவிடுவார்கள். ஜங்ஷனில் வேலை பார்த்த காலத்தில் அந்தக் கூட்டத்தை எத்தனை ஆயிரம் பேர் பார்த்திருப்பேன்! என் சொந்தப் பேரப்பிள்ளைகளும் அதே கணக்கில் வந்து நின்றார்கள்.

காலை ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினோம். மார்கழி இருட்டு. தெருவில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் பூசணிப்பூ ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டாள் பேத்தி. கொக்கிரகுளம் தாண்டி வண்டி தாமிரபரணிப் பாலத்தில் ஏறியபோது வெளியே ஒன்றும் தெரியவில்லை. முதல் தடவை இருட்டில் தாண்டினோம். அதைப் பற்றி யாரையும் குறை சொல்லவில்லை.

முதலில் ஆற்றில் ஒரு முழுக்கு என்பது என் திட்டம். தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேருகிறவரை சுமார் 128 கிலோமீட்டர். பிறப்பதும் முடிவதும் தமிழ்நாட்டுக்குள்ளேயே. பாபநாசத்துக்குக் கீழே கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். ஏழாவது மருதூர், எட்டாவது ஸ்ரீவைகுண்டம் என்று நான் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். பேரன் கொட்டாவி விட்டான். சரி, தண்ணீரில் இறங்கினால் தெளிந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

எந்தப் படித்துறை என்று பெயர் எழுதப் போவதில்லை. எழுதினால், அது ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சுத்தம் என்று ஆகிவிடும்.

பேரன் மூன்றாவது படியில் கால் வைத்தான். "ஆ" என்றான். தூக்கிப் பார்த்தால் இடது கால் பெருவிரலுக்குக் கீழே தண்ணீரோடு சேர்ந்து ரத்தம் வழிகிறது. குனிந்து தடவினேன். பாசிக்கு நடுவில் பழுப்பு நிறத்தில் பாட்டில் சில்லு ஒன்று, கட்டைவிரல் நகம் அளவு, செங்குத்தாக நின்றது. யாரோ ராத்திரி உட்கார்ந்து குடித்துவிட்டு, காலிப் பாட்டிலைப் படியிலேயே அடித்து உடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உடைப்பதில் அப்படி என்ன சந்தோஷமோ! பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா ஓடி வந்தார்கள். "அண்ணாச்சி, பிள்ளைய அந்தக் கல்லுல உக்கார வைங்க" என்று சொல்லி, பழைய வேட்டி ஒன்றிலிருந்து விரல்கடை அகலத்துக்குக் கிழித்து இறுக்கிக் கட்டிவிட்டார்கள். "நாங்க இறங்குறதுக்கு முந்தி தொடப்பம் போட்டுத்தான் இறங்குவோம். இன்னைக்கு நீங்க முந்திட்டிய" என்றார்கள். துவைக்க வருகிறவர்கள் படிக்கட்டைப் பெருக்கிவிட்டு இறங்கவேண்டிய நிலைமை. அது அவர்களுக்கு ஒரு புகாராகக்கூடத் தோன்றவில்லை; சோப்பு எடுத்து வைப்பது போல விளக்குமாற்றையும் எடுத்து வைக்கிறார்கள்.

காயம் ஆழமில்லை. மருந்துக்கடை திறந்ததும் பிளாஸ்திரி போட்டோம், ஊசியும் போட்டாயிற்று. ஆனால் பையன் அன்று முழுக்க இடது காலைப் பக்கவாட்டில் வைத்துத்தான் நடந்தான். போனில் விஷயத்தைச் சொன்னதும் என் வீட்டுக்காரி கேட்டாள்: "ஆத்தப் பாக்கப் போனியளா, ரத்தத்தப் பாக்கப் போனியளா?"

அங்கிருந்து குறுக்குத்துறை. ஆற்றுக்குள்ளேயே பாறைமேல் இருக்கிற முருகன் கோயில். திருச்செந்தூர் மூலவரை வடித்த கல் இந்தப் பாறையிலிருந்து எடுத்ததுதான் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். வெள்ளம் வருகிற திசையைப் பார்த்து நிற்கும் சுவர் படகின் மூக்கு மாதிரி கூராக இருக்கும். தண்ணீர் அதில் மோதி இரண்டாகப் பிரிந்துபோகும். பெருவெள்ளம் என்றால் உற்சவரைக் கரையில் இருக்கும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூலவர் தண்ணீருக்குள்ளேயே இருப்பார். வெள்ளம் வடிந்ததும் சேற்றை வாரி, கழுவி, மறுபடி பூஜை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்தில் கோயிலே மூழ்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய அதே வெள்ளம்தான். 1992 நவம்பர் வெள்ளத்தையும் நான் பார்த்தவன். பேரனிடம் கையை உயர்த்தி, தண்ணீர் எதுவரை வந்தது என்று காட்டினேன். அவன் கால் வலியை மறந்து அண்ணாந்து பார்த்தான். "அப்ப சாமி எப்படித் தாத்தா மூச்சு விடும்?" என்றாள் சின்னவள். அர்ச்சகர் காதில் விழுந்து அவரும் சிரித்துவிட்டார்.

நெல்லையப்பர் கோயிலைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. உங்கள் வாசகர்களில் பாதிப் பேர் என்னைவிட நன்றாக அறிந்தவர்கள். சுவாமி கோயிலையும் அம்மன் கோயிலையும் சேர்க்கிற சங்கிலி மண்டபத்தில் எதிரொலி வருகிறதா என்று பிள்ளைகள் கத்திப் பார்த்தார்கள். தாமிர சபை பார்த்தோம். வேதசர்மா காயப்போட்ட நெல்லைச் சுவாமி மழையில் நனையாமல் வேலி கட்டிக் காத்த கதையைச் சொன்னேன். இசைத் தூண்களில் பெரியவர் ஒருவர் மெல்லத் தட்டிக் காட்ட, பேத்தி தூணில் காதை வைத்துக்கொண்டு வர மாட்டேன் என்றாள். ஒரே கல்லில் குடைந்த சின்னச் சின்னத் தூண்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல்.

வெளியே வந்து இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்குப் பாளையங்கோட்டை வண்டி ஏறினோம். மகளுக்கும் பேத்திக்கும் கட்டணமில்லாப் பயணம். எனக்கும் பேரனுக்கும் டிக்கெட். பாரதியார் படித்த ம.தி.தா. இந்துக் கல்லூரிப் பள்ளியைச் சன்னல் வழியாகக் காட்டினேன். ஈரடுக்கு மேம்பாலத்தில் வண்டி ஏறியபோது, கீழ் அடுக்கில் சைக்கிளும் பைக்கும் தனியாகப் போவதைப் பார்த்துப் பேரன் குதித்தான். மெட்ராஸில் இவ்வளவு பாலம் இருந்தும் இப்படி ஒன்று இல்லையே என்று கேட்டான். 1970-களில் கட்டியது என்றேன். எங்கள் ஊர்க்காரனுக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைப்பானேன்!

ஜங்ஷனில் கூட்டம் ஏறியது. பேத்தி சன்னலோர சீட்டில் இருந்தாலும் அவளுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் இடுப்பும் பையும்தான் தெரிந்தன. "இப்ப ஆறு வரும் பாரு" என்றேன். அவள் எழுந்து, இரண்டு பேருக்கு நடுவில் தலையை விட்டு, எட்டிப் பார்த்து, மறுபடி உட்கார்ந்து என்னிடம் கேட்டாள்: "தாத்தா, ஆறு போயிருச்சா?"

போயிருந்தது. பாலத்தின் நீளம் 760 அடி. மூன்று பேருக்கு டிக்கெட் கிழித்து, ஒருவருக்குச் சில்லறை கொடுக்கிற நேரம். என் தொழில் கணக்கில் அதுதான் தாமிரபரணியின் அகலம். யோசித்துப் பார்த்தேன். அந்த வழித்தடத்தில் ஒரு நாளைக்கு எட்டு நடை என்று வைத்துக்கொண்டால், வாழ்நாளில் ஐம்பதாயிரம் தடவைக்குக் குறையாமல் இந்தப் பாலத்தைக் கடந்திருப்பேன். அத்தனை தடவையும் குனிந்து பணப்பையைத்தான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது கிருஷ்ணாபுரம். இங்கே நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். கொஞ்ச காலம் திருச்செந்தூர் வண்டியிலும் போயிருக்கிறேன். "கிருஷ்ணாபுரம் நிக்குமா?" என்று கேட்டு ஏறுகிறவர்களிடம், "நிக்காது, பின்னால வர்ற வண்டியில வாங்க" என்று சொல்லி எத்தனையோ பேரை இறக்கிவிட்டிருக்கிறேன். 13 கிலோமீட்டர் டிக்கெட்டுக்காகத் திருச்செந்தூர் டிக்கெட்டின் இடம் போய்விடும் என்ற கணக்கு. அன்றைக்குப் பாளை பஸ் ஸ்டாண்டில் அதே வார்த்தையை என் பேரன் வயதில் மகன் இருக்கக்கூடிய ஒரு கண்டக்டர் தம்பி என்னிடம் சொன்னார். நான் ஒன்றும் பேசவில்லை. மூன்றாவது வண்டியில் ஏறினோம்.

ஆனால் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில் அத்தனைக்கும் தகும். நாயக்கர் காலத்துச் சிற்பங்கள். ராஜகுமாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிற குறவன். அவன் விலா எலும்பை எண்ணலாம். நாகாஸ்திரத்தோடு கர்ணன். அன்னத்தின் மேல் ரதி. மகள் அந்த ரதியின் முன்னாலேயே கால்மணி நேரம் நின்றாள். சின்ன வயதில் இவளை இங்கே கூட்டிக்கொண்டு வரவேயில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கல்யாணத்துக்கு முன்னால் இருபத்து மூன்று வருஷம் இந்த ஊரில் இருந்தவள். பேரன் சிலையின் கைவிரல் நகத்தைக் காட்டி, "இது வெட்டாம வளர்ந்திருக்கு" என்றான். உண்மைதான், நகத்தின் வளைவுவரைக்கும் உளி போயிருக்கிறது. நடை சாத்துகிறார்கள் என்று சொல்லிய பிறகுதான் கிளம்பினோம்.

பாளையை அவசரமாகத்தான் பார்த்தோம். ஊசிக்கோபுரம் என்கிற தேவாலயத்தை ரோட்டிலிருந்தே காட்டினேன். பழைய கோட்டையின் மிச்சமான மேடை போலீஸ் ஸ்டேஷன் பக்கம் ஆட்டோவை ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லி, ஊமைத்துரையை இந்தக் கோட்டையில்தான் அடைத்து வைத்திருந்தார்கள், 1801 பிப்ரவரியில் தப்பித்தார் என்றேன். "எப்படித் தப்பிச்சார்?" என்று பேரன் விடவில்லை. ஆட்டோக்காரர் என்னைவிட நன்றாகக் கதை சொன்னார். வீட்டுக்கு வந்து சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல். கடைசி நாள் சாப்பாடு என்றால் எங்கள் வீட்டில் இதுதான்.

இங்கே ஒரு சங்கடம். நண்பகலில் கோயில் நடை சாத்தினால் சாயங்காலம்தான் திறக்கும். எங்களுக்கு வீடு இருந்தது, சாப்பிட்டுப் படுத்தோம். ரயிலுக்குக் காத்திருக்கிற வெளியூர்க்காரன் அந்த நான்கு மணி நேரம் எங்கே போவான்? ஜங்ஷன் பிளாட்பாரத்தில் பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுப்பான், இல்லாவிட்டால் துணிக்கடை ஏ.சி.யில் நிற்பான். ஆற்றங்கரையில் நிழலில் உட்கார ஒரு கல் பெஞ்சு கிடையாதா என்று என்னிடமே பல பேர் கேட்டிருக்கிறார்கள். கொக்கிரகுளத்தில் ஆற்றை ஒட்டியே மாவட்ட அறிவியல் மையம் 1987-லிருந்து இருக்கிறது. அது இருப்பதை அவர்களுக்குச் சொல்வாரில்லை. நாங்கள் மூன்று மணிக்கு அங்கே போனோம். வளைந்த கண்ணாடியில் தாத்தா குண்டாகத் தெரிந்ததுதான் பிள்ளைகளுக்கு அங்கே மிகப்பெரிய விஞ்ஞானம்.

அங்கிருந்து கிளம்பும்போது பேத்தி, "பஸ் வேண்டாம் தாத்தா, நடந்து போவோம். அப்பத்தான் ஆறு ஓடிப்போகாது" என்றாள். பேரன் காலைப் பார்த்தேன். "நடப்பேன்" என்றான்.

மூன்றாவது தடவையாக ஆற்றைக் கடந்தது இப்படித்தான், நடந்து. அறுபத்தேழு வயதில் அந்தப் பாலத்தை அவசரமில்லாமல் நடந்து கடந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. முதலில் கரையில் கொஞ்சம் கீழே இறங்கி நின்றோம்; மேலே நின்றால் வளைவுகள் தெரியாது. புதுப் பாலம் பக்கத்திலேயே வந்துவிட்டதால் ஒரு பக்கம் மறைவு; இடம் பார்த்து நிற்க வேண்டியிருக்கிறது. பேத்தி விரலை நீட்டி எண்ணினாள். "பதினொண்ணு." சரியாகப் பதினொன்று. ஐம்பதாயிரம் தடவை கடந்தவன் ஒரு தடவைகூட எண்ணியதில்லை.

அப்புறம் கதையைச் சொன்னேன். அந்தக் காலத்தில் பாளைக்கும் நெல்லைக்கும் நடுவில் ஓடம்தான். வெள்ளம் வந்தால் அதுவும் கிடையாது. கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக இருந்த சுலோச்சன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுப் பாலம் கட்டினார். லண்டன் வாட்டர்லூ பாலத்தை மாதிரியாக வைத்துக் கட்டி 1843-ல் திறந்தார்கள். வீட்டம்மா நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள் என்றும் சொல்வார்கள். பின்னாளில் அகலப்படுத்தினார்கள். அரசாங்கம் கட்ட வேண்டிய பாலத்தை ஒரு குமாஸ்தா வேலைக்காரர் கட்டினார் என்றதும் மகள், "நிஜமாவாப்பா? நான் ஏதோ சினிமாக்காரர் பேர்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றாள். சுலோசனா என்று யாரோ நடிகை பேர் என்று எண்ணியிருக்கிறாள்! இருபத்து மூன்று வருஷம் இந்த ஊரில் வளர்ந்தவளுக்கே இந்தக் கதி என்றால், பெட்டியோடு நிற்கிற வெளியூர்க்காரனை என்ன சொல்ல?

பாலத்தின் நடுவில் நின்றோம். தண்ணீர் ஓரளவு ஓடியது. ஓரமெல்லாம் அமலைச் செடி அடைத்துக்கொண்டு பச்சைப் பாய் விரித்த மாதிரி கிடக்க, அதன்மேல் ஒரு கொக்கு கால் மாற்றி மாற்றி நடந்தது. மேற்கே டவுன் பக்கம் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. நின்றது மூன்று நிமிஷம்கூட இருக்காது. பின்னால் ஒரு பைக் ஹாரன், அதற்குப் பின்னால் ஒரு பஸ் ஹாரன். அதை அடித்த டிரைவர் என்னை அடையாளம் கண்டு, "அண்ணாச்சி, ஓரமா நில்லுங்க" என்று கத்திவிட்டுப் போனார். நிற்க ஓரம் எங்கே இருக்கிறது? அதுதான் என் கேள்வியும்.

ஒரு விஷயத்தை மட்டும் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி கேட்டு ஊர்வலமாக வந்த நாள். கலெக்டர் ஆபீஸ் பக்கம் போலீஸ் தடியடி நடந்து, ஆற்றுக்குள் இறங்கி ஓடியதில் பெண்கள், குழந்தை உட்பட 17 பேர் இறந்தார்கள். வருஷா வருஷம் அந்த நாளில் ஆற்றில் மலர் தூவுகிறார்கள். அன்றைக்கு நான் டூட்டி. ஜங்ஷனில் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். படிகளில் தனிச் செருப்பாகக் கிடந்ததை மறுநாள் பார்த்தேன். பேத்தி பூசணிப்பூவை, காலையிலிருந்து வாடிப்போய்க் கையில் வைத்திருந்ததை, பாலத்திலிருந்து தண்ணீரில் போட்டாள். அவள் விளையாட்டுக்குப் போட்டாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அதன் பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரிந்ததே. டவுனுக்குப் போய், கீழ ரத வீதியில் அல்வா வரிசையில் மகள் நின்றாள். வாழை இலைத் துண்டில் சூடாக வாங்கித் தின்றோம். சம்பா கோதுமையும் ஆற்றுத் தண்ணீரும் சேர்ந்தால்தான் இந்த ருசி என்று பக்கத்தில் நின்ற ஒருவர் ஊருக்கே கேட்கிற மாதிரி விளக்கிக்கொண்டிருந்தார். அவர் கோயம்புத்தூர்க்காரர், அவருக்கும் அன்றைக்கு ராத்திரி ரயில். "ஆற்றைப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன். "வர்ற வழியில பாலம் ஒண்ணு வந்துச்சுங்க" என்றார்.

வீட்டுக்குத் திரும்பியது நான்காவது தடவை. பெட்டிகளோடு ஸ்டேஷனுக்குப் போனது ஐந்தாவது. ரயிலை அனுப்பிவிட்டு நான் மட்டும் வெறும் கையோடு திரும்பியது ஆறாவது. ஆறு தடவையில் ஆற்றை ஆறாகப் பார்த்தது ஒரே தடவை. அதுவும் ஹாரன் சத்தத்துக்கு நடுவில், மூன்று நிமிஷம்.

ஆசிரியர் அவர்களே, கடிதம் நீளமாகிவிட்டது என்று தெரிகிறது. இடமில்லை என்றால் அல்வாவை வெட்டிவிடுங்கள், மேடை போலீஸ் ஸ்டேஷனை வெட்டிவிடுங்கள். இனி வருவதை மட்டும் வெட்ட வேண்டாம்.

படித்துறைகளில் விடிவதற்கு முன்னால் ஒரு ஆள், ஒரு விளக்குமாறு, ஒரு சாக்கு. லீவு நாட்களிலாவது. இரவில் அங்கே ஒரு நல்ல விளக்கு எரிந்தால் பாட்டிலோடு வருகிறவன் பாதிப் பேர் வரமாட்டான். பஸ்ஸுக்குள் லைட்டைப் போட்டால் பிக்பாக்கெட் இறங்கிவிடுவான் என்பது 31 வருஷ அனுபவம். ஆற்றில் கலக்கும் சாக்கடையைப் பற்றி நான் எழுதி ஆகப்போவதில்லை. 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே நேரில் வந்து கரையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அது பெரிய இடத்து விஷயம். நான் கேட்பது விளக்குமாறு.

பாலத்தின் இரண்டு முனையிலும், நடந்து வருகிறவன் நின்று படிக்கிற மாதிரி தமிழில் ஒரு பலகை. சுலோச்சன முதலியார் யார், எந்த வருஷம், எத்தனை வளைவு, யார் பணம். நாலு வரி போதும். கொக்கிரகுளம் பக்கம், வளைவுகள் தெரிகிற இடமாகப் பார்த்து, ஒரு வேப்பமரத்தடியில் நான்கு கல் பெஞ்சு. பூங்கா வேண்டாம், நீரூற்று வேண்டாம், செல்பி எடுக்க இதய வடிவ வளையம் நிச்சயமாக வேண்டாம். உட்கார்ந்தால் ஆறு தெரிய வேண்டும், அவ்வளவுதான். பாலத்தில் நடக்கிறவனுக்கு, நின்றால் யாரும் ஹாரன் அடிக்காத ஓர் ஓரம்.

கடைசியாக, என் துறையைச் சேர்ந்த ஒன்று. பள்ளி லீவு நாட்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஒரே ஒரு வண்டி, நாள் பூராவுக்கும் ஒரே டிக்கெட். காலை 6.30-க்கு ஜங்ஷன். குறுக்குத்துறையில் ஒரு மணி நேரம். நெல்லையப்பர் கோயிலில் ஒன்றரை மணி நேரம். பத்தரைக்குள் கிருஷ்ணாபுரம் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் நடை சாத்திவிடுவார்கள். திரும்பி வந்து பாளையில் சாப்பாடு. நடை சாத்தியிருக்கிற மத்தியானப் பொழுதில் அறிவியல் மையம். நான்கு மணிக்குக் கொக்கிரகுளத்தில் எல்லாரையும் இறக்கிவிட்டு, வெறும் வண்டி மட்டும் பாலத்தைக் கடந்து அந்த முனையில் நிற்க வேண்டும். பிரயாணிகள் நடந்து வந்து ஏறட்டும். ஐந்து மணிக்கு டவுனில் விட்டால் அல்வா வரிசைக்கும் சரியாக இருக்கும், ராத்திரி ரயிலுக்கும் சரியாக இருக்கும். நேரம் எல்லாம் நான் நடந்தே சரிபார்த்தது. கிருஷ்ணாபுரம் நிறுத்தத்துக்கு மட்டும் கூடுதலாகப் பத்து நிமிஷம் வைத்துக்கொள்ளலாம், பிள்ளைகள் லேசில் வெளியே வரமாட்டார்கள். முதல் ஒரு மாதத்துக்குக் கண்டக்டர் கிடைக்கவில்லை என்றால் எனக்குச் சொல்லி அனுப்பட்டும். சம்பளம் வேண்டாம். விசில் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

பேரன் காலில் ஏறிய அந்தச் சில்லைத் தூக்கிப் போடவில்லை. தீப்பெட்டியில் பஞ்சு வைத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். பொறுப்பில் உள்ளவர்கள் யாராவது பார்க்க விரும்பினால் கொண்டுவந்து காட்டுவேன். முழுப் பரீட்சை லீவுக்குப் பிள்ளைகள் மறுபடி வருகிறார்கள். ஏப்ரல் கடைசி என்று மகள் சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டவுன் பஸ் கண்டக்டர்,
வண்ணார்பேட்டை, திருநெல்வேலி.